சிமுலேஷனில் பச்சை வந்தால் போதுமா? வாகன நிறுவனங்களின் வடிவமைப்பு, கொள்முதல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: சென்னை, ஒரகடம், ஓசூர் வட்டார வாகன நிறுவனங்களின் தயாரிப்பு வடிவமைப்பு, உதிரிபாக மேம்பாடு, கொள்முதல் பிரிவுத் தலைவர்கள்

ஐயா, அம்மையீர்,

புதிய மாடல்களுக்காக எங்கள் பட்டறைகளுக்கு வரும் விலைகேட்புக் கடிதங்களில் இப்போதெல்லாம் இரண்டு ஷரத்துகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, சாஃப்ட் டூல் (மலிவான, மென்மையான பொருளில் முதலில் செய்து பார்க்கும் சோதனை அச்சு) கட்டம் கிடையாது. ஃபார்மிங் சிமுலேஷன் (தகடு அச்சில் எப்படி உருவாகும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது) அறிக்கை ஏற்கப்பட்டதும் நேரே ஹார்டு டூல், அதாவது உற்பத்திக்கான கடின எஃகு அச்சு. இரண்டு, டூல் கிக்-ஆஃபுக்குப் (அச்சு வேலை தொடங்கியதற்குப்) பிறகு வரும் டை (தகட்டை அழுத்தி உருவாக்கும் அச்சு) திருத்தம் எல்லாம் சப்ளையர் செலவு. முதல் ஷரத்தை மட்டும் போட்டிருந்தால் உட்கார்ந்து பேசியிருப்போம். இரண்டாவதையும் சேர்த்துப் போட்டதால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறோம். கணினி மாதிரி எங்கே பிழைத்தாலும் அதன் விலையை அந்த மாதிரியைக் கண்ணால்கூடப் பார்க்காதவர் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த இரண்டும் சேர்ந்து சொல்லும் செய்தி.

சிமுலேஷன் வேண்டாம் என்பவர்கள் அல்ல நாங்கள். பிளாங்க் (அச்சில் வைக்க வெட்டிய தகடு) அளவைக் கணக்கிட, எங்கே கிழியும் எங்கே சுருங்கும் என்று எஃகு வாங்குவதற்கு முன்பே பார்க்க, டிரா (தகட்டை அச்சுக்குள் இழுத்து உருவாக்குவது) எத்தனை கட்டத்தில் முடியும் என்று தீர்மானிக்க அதைவிட நல்ல கருவி இல்லை. பழைய நாளில் டிரை-அவுட் (அச்சைச் சோதித்துப் பார்க்கும்) பிரஸ்ஸில் கிரைண்டரோடு நின்று தேடிய ஆரங்களையெல்லாம் இன்று திரையிலேயே முடித்துவிட முடிகிறது. கோவை வார்ப்பாலைகளில் ரைசர் (உலோகம் சுருங்கும்போது ஈடுகட்டும் உருகு தேக்கம்) எங்கே வைப்பது, சுருக்கக் குழி எங்கே விழும் என்பதற்கெல்லாம் உறைதல் சிமுலேஷன் நம்பகமாகவே பதில் சொல்கிறது. சாதாரண இ.டி.டி. (ஆழமாக இழுக்க ஏற்ற மென்) தகட்டில், ஆழம் குறைந்த பிராக்கெட்டுக்கு சாஃப்ட் டூல் தேவையில்லை என்று நீங்கள் சொன்னால் நாங்களும் கையெழுத்துப் போடுவோம். ஆனால் அந்த ஷரத்து எல்லா பாகத்துக்கும் ஒரே அச்சில் வருகிறது. டி.பி.780 (இரட்டைக் கட்ட உயர்வலு எஃகு) தகட்டில் செய்யும் நீள ரீஇன்ஃபோர்ஸ்மென்டுக்கும் (வலுவூட்டும் பாகம்) அதுதான். 30 சதவீதம் கண்ணாடி இழை கலந்த நைலான் கவருக்கும் அதுதான்.

நீங்கள் 'ஏற்கப்பட்டது' என்று முத்திரை குத்தும் அந்தப் பச்சைப் படத்துக்குள் (கிழியாது என்ற இடத்தைப் பச்சையில் காட்டும் சிமுலேஷன் படம்) என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் மெட்டீரியல் கார்டு, அதாவது பொருளின் குணங்களைச் சொல்லும் தரவுக் கோப்பு. மென்பொருளின் நூலகத்தில் டி.பி.780 என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் இருப்பது எங்கோ ஒரு மில்லின் ஒரு காயிலில் (தகட்டுச் சுருளில்) எடுத்த, அல்லது சராசரி போட்டு வைத்த வளைகோடு. நடைமுறையில் தர நிர்ணயமே அந்த கிரேடின் யீல்டுக்கு (தகடு நிரந்தரமாக வளையத் தொடங்கும் அழுத்தத்துக்கு) ஏறத்தாழ 110 மெகாபாஸ்கல் அகலம் விடுகிறது. கீழ் எல்லையில் வரும் காயிலும் சான்றிதழோடுதான் வருகிறது, மேல் எல்லையில் வருவதும் அப்படித்தான். வளைத்து விட்ட தகடு எவ்வளவு திரும்பும் (ஸ்பிரிங்பேக்) என்பது ஏறக்குறைய யீல்டை மீள்மைக் குணகத்தால் (பொருளின் விறைப்பு எண்) வகுத்த விகிதத்தோடு போகும். ஆகவே இரண்டு காயிலும் ஒரே டையில் இரண்டு கோணத்தில் வரும். தடிமனும் அப்படியே. 1.6 மி.மீ. என்று கேட்டால் 1.52 ஆகவும் வரும், 1.68 ஆகவும் வரும், இரண்டையும் நிராகரிக்க முடியாது. உங்கள் அறிக்கையில் ஓடியிருப்பது 1.60, ஒரே யீல்டு, ஒரே ஓட்டம்.

அடுத்தது வளைந்து நிமிரும் தகடு. டை ஆரத்தின்மேல் ஏறும்போது வளைந்து, சுவருக்குள் இறங்கும்போது நிமிர்கிறது. ஒரு பக்கம் இழுபட்ட எஃகு மறுபக்கம் அமுக்கப்படும்போது முன்னதாகவே இணங்கிவிடும். பௌஷிங்கர் விளைவு என்று நாமெல்லாம் கல்லூரியில் படித்ததுதான். வழக்கமாக ஓட்டும் ஐசோட்ரோபிக் (எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி கடினமாகும் என்று கொள்ளும்) மாதிரிக்கு அது தெரியாது. அதோடு, தகடு சில சதவீதம் நீண்டபின் அழுத்தத்தை விடும்போது மீள்மைக் குணகம் பாடப்புத்தகத்தின் 210 கிகாபாஸ்கலில் நிற்பதில்லை. இரட்டைக் கட்ட எஃகில் 10 முதல் 20 சதவீதம் குறையும். இவை இரண்டையும் கணக்கில் எடுக்கும் யோஷிடா–உயெமோரி மாதிரி 2002இலேயே வந்துவிட்டது. அதற்கு இழுத்து அமுக்கும் சுழற்சிச் சோதனைத் தரவு வேண்டும். நூலகக் கார்டில் பெரும்பாலும் அது இருக்காது. தரவு இல்லாமல் அந்த மாதிரியை 'ஆன்' செய்து வைப்பது இன்னும் மோசம், அறிக்கை நவீனமாகத் தெரியும், எண்கள் அதே ஊகமாகவே இருக்கும்.

இதனால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். 80 மி.மீ. நீளமுள்ள ஃபிளேஞ்சில் (மடித்த விளிம்பில்) ஒரு டிகிரி தவறினால் நுனி 1.4 மி.மீ. விலகும். உங்கள் வரைபடம் அந்த விளிம்புக்குக் கொடுப்பது கூட்டல் கழித்தல் 0.5. நீளமான பாகமாக இருந்தால் சுவர் வில்லாக வளைவதும், பாகம் முழுக்க முறுக்கிக்கொள்வதும் இதன்மேல் சேரும். முறுக்கை டை முகத்தில் ஈடுகட்டுவது எல்லாவற்றிலும் கடினம். ஒரு முனையைத் திருத்தினால் மறுமுனை நகரும்.

உராய்வுக்கு வருவோம். பெரும்பாலான அறிக்கைகளில் ஒரே எண், 0.15, டை முழுவதற்கும். பிரஸ்ஸில் அது இடத்துக்கு இடம், அழுத்தத்துக்கு அழுத்தம், ஸ்ட்ரோக்குக்கு ஸ்ட்ரோக் மாறுகிறது. காலையில் முதல் பாகம் அடிக்கும்போது டை குளிர்ந்திருக்கிறது. சில நூறு அடித்தபின் சூடேறி எண்ணெய்ப் படலம் மெலிகிறது. கோடையில் மாதக்கணக்கில் கிடங்கில் கிடந்த காயிலில் எண்ணெய் ஒரு பக்கமாக இறங்கிவிடும். வெளிச் சுற்று வறண்டும் உள்ளே ஒரு பக்கம் குளித்தும் இருக்கும். ஒரே காயிலில் முதல் நூறு பாகம் ஒரு மாதிரியும் அடுத்த நூறு வேறு மாதிரியும் வருவது இதனால்தான்.

டிரா பீடை (தகடு உள்ளே ஓடுவதைத் தடுக்கும் மேடு) ஒரு கோடாக வைத்து, இவ்வளவு தடைவிசை என்று எண் கொடுத்துவிடுவது அடுத்த குறுக்குவழி. ஓட்டம் சீக்கிரம் முடியும், சரிதான். அந்தத் தடைவிசையைத் தரும் பீடின் உயரமும் ஆரமும் என்ன என்று பட்டறை கேட்டால் பதில் இருக்காது. அதைவிட முக்கியமாக, பீடைத் தாண்டி வந்த தகடு ஏற்கெனவே வளைந்து நிமிர்ந்து கடினப்பட்டது என்பதும் கணக்கில் விடுபட்டுப் போகும். டையும் பிரஸ்ஸும் அசையாத கல் என்று எடுத்துக்கொள்வதும் இதே வகை. பெரிய பிரஸ்ஸின் படுகை முழு டன்னேஜில் மீட்டருக்கு பத்தில் ஒரு பங்கு மி.மீ. வளைவது சாதாரணம். பைண்டர் (தகட்டின் ஓரத்தை அழுத்திப் பிடிக்கும் பகுதி) நடுவில் பிடி விட்டுப் போகிறது, பொருள் அங்கே கூடுதலாக ஓடுகிறது, சுருக்கம் விழுகிறது. திரையில் பைண்டர் முழுக்க ஒரே சீராகப் பிடித்துக்கொண்டிருக்கும்.

இவ்வளவும் ஓரளவு கூடக் குறைய வருகிற விஷயங்கள். முழுக்கவே கணக்குக்கு வெளியே நிற்பது விளிம்புக் கிழிசல். ஃபார்மிங் எல்லை வளைகோடு தகட்டின் நடுப்பகுதிக்கானது. டிரிம் செய்த (ஓரம் வெட்டிய) விளிம்பை நீட்டி ஃபிளேஞ்ச் செய்யும்போது அந்த வளைகோடு எதையும் சொல்லாது. வெட்டிய விளிம்பில் இருக்கும் பர் (பிசிறு), வெட்டு இடைவெளி, டிரிம் ஸ்டீல் எவ்வளவு மழுங்கியிருக்கிறது, இவைதான் தீர்மானிக்கும். அதற்கென்றே துளை விரிவுச் சோதனை இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 16630. டி.பி. எஃகுகள் இதில் பலவீனமானவை. மிருதுவான ஃபெரைட்டும் கடினமான மார்ட்டன்சைட்டும் சந்திக்கும் இடத்தில் விரிசல் பிறக்கிறது. அதனால் பச்சைப் படத்தில் 'பாதுகாப்பானது' என்ற இடத்திலேயே, வளைவான ஃபிளேஞ்சின் ஓரத்தில், பாகம் கிழிந்து வருகிறது. கேட்டால் டிரை-அவுட் சரியில்லை என்கிறார் உங்கள் பொறியாளர். அவர்மேல் கோபமில்லை, அவர் கையில் இருக்கும் அறிக்கை அப்படிச் சொல்கிறது.

இப்படி விலகி வந்தபின் பட்டறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொள்முதல் பிரிவில் இருப்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கக் கேட்கிறோம், ஏனென்றால் இரண்டாவது ஷரத்தின் விலை இங்கேதான் இருக்கிறது.

ஹார்டு டூலின் ஃபார்மிங் இன்சர்ட்டுகள் (தகட்டை உருவாக்கும் அச்சுத் துண்டுகள்) டி2 போன்ற எஃகில், வேக்யூம் ஹீட் ட்ரீட்மென்ட் முடிந்து 58 முதல் 60 எச்.ஆர்.சி. (ராக்வெல் அளவு) கடினத்தில் இருப்பவை, உயர்வலுத் தகட்டுக்கானால் மேலே பூச்சும் இருக்கும். பாகத்தை ஸ்கேன் செய்து, விலகலைப் பார்த்து, டை முகத்தை எதிர்த்திசையில் மாற்றி, திரும்ப வெட்ட வேண்டும். எடுக்க வேண்டிய இடத்தில் ஹார்டு மில்லிங் போதும், மெதுவாகப் போனாலும் போய்விடும். சேர்க்க வேண்டிய இடம்தான் தொல்லை. இன்சர்ட்டைச் சீராகச் சூடேற்றி, டிக் வெல்டிங்கில் பொருள் ஏற்றி, மெல்ல ஆறவிட்டு, திரும்ப டெம்பர் செய்து, அதன்பின் மெஷினிங். அவசரப்பட்டால் வெல்டின் ஓரத்தில் விரிசல். விரிசல் விடாவிட்டாலும் வெல்டின் அருகே கடினம் இறங்கிய பட்டை ஒன்று நிற்கும். உற்பத்தியில் முதலில் ஸ்கோரிங் (கீறல்) விழுவது அங்கேதான். ஆகவே டிரா ஆரத்தில் வெல்டிங் போடாமல் புது இன்சர்ட்டே செய்வதுதான் முறை. எஃகு வாங்குவதிலிருந்து பூச்சு முடிந்து வருவது வரை மூன்று, நான்கு வாரம் போய்விடும்.

அது டிரா டையோடு நிற்பதில்லை. டிரா முகம் மாறினால் பாகம் டிரிம் டையில் உட்காரும் இடம் மாறும், டிரிம் கோடு மாறும், அடுத்து ஃபிளேஞ்ச், ரீஸ்ட்ரைக் (மறுபடி அடித்து அளவு சரிசெய்வது), கேம் பியர்சிங் (பக்கவாட்டில் துளையிடுவது), கடைசியில் செக்கிங் ஃபிக்சர் (பாகத்தை அளவு பார்க்கும் தாங்கி). நான்கு கட்ட டூலில் முதல் கட்டத்தைத் தொட்டால் நான்கையும் தொட்டதாகத்தான் அர்த்தம். உயர்வலு எஃகில் ஸ்பிரிங்பேக் ஒரே சுற்றில் அடங்குவது அபூர்வம். இதற்குச் செலவாகும் பணம் டூல் விலையில் இல்லை. எல் 1 (மிகக் குறைந்த விலை) பார்த்துக் கொடுத்த ஆர்டரில் அதற்கு இடமும் இல்லை.

சாஃப்ட் டூல் செய்வது இந்தக் கற்றலை மலிவான பொருளில் முடிப்பதற்காக. மென்தகட்டுக்கு கிர்க்சைட் துத்தநாகக் கலவையில் வார்த்து, வேலை முடிந்ததும் உருக்கி மறுபடி பயன்படுத்தலாம். உயர்வலுத் தகட்டுக்கு அது தாங்காது. கடினப்படுத்தாத எஃகில் அல்லது வார்ப்பிரும்பில் டிரா முகத்தை மட்டும் செய்து, டிரிமை லேசரில் வெட்டிக்கொள்ளலாம். டிரிம் டை தேவையில்லை, அதனால் டிரிம் கோடு நிலைப்படும்வரை நகர்த்திக்கொண்டே இருக்கலாம். அங்கே பொருள் ஏற்ற, எடுக்க யாரும் பயப்பட மாட்டார்கள். அதில் கிடைக்கும் சில டஜன் பாகங்கள் உங்கள் வெல்டிங் ஃபிக்சர் சரிபார்ப்புக்கும் புரோட்டோ வண்டிக்கும் பயன்பட்டன. இந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் கற்றல் மறைந்துவிடாது, 60 எச்.ஆர்.சி. எஃகுக்கு இடம் பெயரும். பத்துப் பொருத்தமும் அமைந்துவிட்டது, மாப்பிள்ளையைப் பார்க்க வேண்டாம், நேரே முகூர்த்தம் என்று யாரும் செய்வதில்லை. எங்களிடம் மட்டும் அப்படிச் செய்யச் சொல்கிறீர்கள்.

பிளாஸ்டிக் மோல்டிலும் கதை வேறில்லை. இரண்டு இடத்தை மட்டும் காட்டுகிறோம். வார்ப்பேஜ் (பாகம் கோணுவதைக் கணிக்கும் சிமுலேஷன்) ஓட்டத்தில் குளிர்நீர் எல்லா வழியிலும் கொந்தளித்து ஓடுகிறது, ரெனால்ட்ஸ் எண் (நீரோட்டம் எவ்வளவு கொந்தளிக்கிறது என்பதன் அளவு) 10,000 என்று வைத்துவிடுகிறார்கள். 10 மி.மீ. துளையில் அந்த எண்ணை எட்ட அறை வெப்பத் தண்ணீர் நிமிடத்துக்கு 4 லிட்டருக்குச் சற்று மேல் ஓட வேண்டும், ஒவ்வொரு வழியிலும். மோல்டிங் பட்டறையில் நான்கு வழிகளை ஹோஸ் போட்டுத் தொடராக இணைத்து ஒரே மெனிஃபோல்டில் மாட்டியிருப்பார்கள். அந்த ஓட்டம் கிடைக்காது. நம் பக்கத்து போர்வெல் தண்ணீரின் கடினம் உங்களுக்கும் தெரியும். துளைச் சுவரில் 1 மி.மீ. சுண்ணாம்பு படிந்தால் அது ஏறத்தாழ 15 மி.மீ. எஃகுக்கு நிகரான வெப்பத் தடை. மோல்டின் ஒரு பாதி சூடாகவே நிற்கும், கவர் அந்தப் பக்கம் குழிந்து வரும், சீலிங் முகம் ஒட்டாது. இன்னொன்று, மெட்டீரியல் கோப்பு. கண்ணாடி இழை எந்தத் திசையில் படுக்கிறது என்பதுதான் சுருக்கத்தைத் தீர்மானிக்கிறது. கோப்பு ஒரு கம்பெனி கிரேடுக்கு ஓடியிருக்கும். விலைக் குறைப்பு என்று கொள்முதல் அங்கீகரித்த கிரேடு வேறாக இருக்கும். அந்த மாற்றம் சிமுலேஷன் குழுவுக்குப் போவதே இல்லை. நைலான் உலர்ந்த நிலையில் ஒரு விறைப்பும் ஈரம் ஏறியபின் அதைவிடக் கணிசமாகக் குறைந்த விறைப்பும் உடையது என்பதால், உலர்நிலை எண்ணைப் போட்டு அதிர்வுக் கணக்குப் பார்த்து ரிப் தடிமனைக் குறைத்திருந்தால் அதுவும் பின்னால் திருத்தமாக எங்களிடமே வரும்.

ஆயுள் கணக்கைப் பற்றி ஒன்று. வெல்டு ஓரத்தில் கூர்மூலை வைத்து மெஷ் (கணக்குக்காகப் பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் வலை) போட்டால், மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், ஓரிடத்தில் நிற்காது. யார் எந்த மெஷ் அளவில் நிறுத்தினார்கள் என்பதுதான் விடை. எஸ்-என் கோட்டின் (அழுத்தத்துக்கும் ஆயுளுக்கும் உள்ள உறவைக் காட்டுவது) சரிவு அடுக்கு 5 என்றால் அழுத்தம் 10 சதவீதம் பிசகினால் ஆயுள் 1.6 மடங்கு பிசகும். பிராக்கெட் சாலைச் சோதனையில் உடைந்ததும் தடிமனை 1.6இலிருந்து 2.0 ஆக மாற்று என்று ஈ.சி.என். (வடிவமைப்பு மாற்ற அறிவிப்பு) வருகிறது. அதற்குள் டூல் வெட்டி முடிந்திருக்கும். தடிமன் மாறினால் பஞ்ச்–டை இடைவெளி, டிரிம் இடைவெளி, ஸ்பிரிங்பேக் ஈடு எல்லாம் மாறும். டிஜிட்டல் மாக்-அப்பில் ஹோஸுக்கும் பிராக்கெட்டுக்கும் 3 மி.மீ. இடைவெளி இருக்கிறது என்று விட்டுவிட்டு, எஞ்சின் மவுண்ட்டில் ஆடும்போது உரசுகிறது என்று கடைசி நேரத்தில் நாட்ச் கேட்பதும் இதே கணக்கில் சேரும்.

உங்கள் கூட்டங்களில் போயிங் 777ஐ எடுத்துக்காட்டாகக் காட்டுகிறீர்கள். முழுக்கக் கணினியில் வரைந்து 1994 ஜூனில் பறந்த விமானம், உண்மைதான். ஆனால் அதன் மூக்குப் பகுதிக்கு ஒரு முழு அளவு மாதிரியைக் கட்டி, கணினியில் வரைந்தது பொருந்துகிறதா என்று பார்த்தபின்தான் மற்ற மாதிரிகளைக் கைவிட்டார்கள். இறக்கையைக் கணக்கோடு விட்டுவிடவும் இல்லை. 1995 ஜனவரியில் அதை உடையும்வரை மேல்நோக்கி வளைத்தார்கள். எல்லைச் சுமையின் 150 சதவீதத்தைத் தாங்க வேண்டியது 154இல் உடைந்தது. அந்தக் கணக்கை நம்பலாம் என்று அதற்குப் பிறகு யாரும் சொல்லலாம்.

மறுபக்கமும் இருக்கிறது. ஏர்பஸ் ஏ380இல் ஹாம்பர்க்கும் துலூஸும் கேட்டியா வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளில் வேலை செய்தன. ஒவ்வொரு விமானத்திலும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஒயரிங். உடலுக்குள் கொண்டுவந்தபோது ஹார்னஸ் (ஒயர்க் கட்டு) நீளம் போதவில்லை. 2006இல் தாமதத்துக்குமேல் தாமதம் அறிவித்தார்கள். 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயில் ஸ்லைப்னர் ஏ எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் கடலில் மூழ்கியது. சரியாகப் போடாத ஃபைனைட் எலிமென்ட் மெஷ், செல் சுவர்களின் ஷியரை (வெட்டு விசையை) 47 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தது. விபத்துக்குப் பின் கவனமாகச் செய்த கணக்கு 62 மீட்டர் ஆழத்தில் உடையும் என்றது. உடைந்தது 65 மீட்டரில். வேறுபட்டது கொடுத்த உள்ளீடுதான்.

வாகன ஒப்புதலில்கூட இந்த ஒழுங்கு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 விதிமுறை குறிப்பிட்ட சில சோதனைகளைக் கணினியில் நடத்த அனுமதிக்கிறது. ஆனால் அந்தக் கணித மாதிரி நேரடிச் சோதனையோடு ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டிருக்க வேண்டும். ஒப்புதல் அதிகாரியிடம் இந்த ஒப்பீட்டைக் காட்டும் நிறுவனங்கள் டை செய்பவரிடம் மட்டும் அறிக்கையின் பி.டி.எஃப்.ஐ நீட்டுகின்றன. பி.டி.எஃப்.பில் மெட்டீரியல் கார்டு தெரியாது, பீடு விசை தெரியாது, எந்தப் பிடிப்பில் ஸ்பிரிங்பேக் அளந்தார்கள் என்பதும் தெரியாது.

பண விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். டூல் விலையின் கடைசித் தவணை பி.பி.ஏ.பி. (உற்பத்திப் பாக) ஒப்புதலோடு கட்டப்பட்டிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். ஒப்படைத்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் இல்லாவிட்டால் ஏற்றதாகவே பொருள். ஆனால் டூல் எங்கள் பட்டறையிலேயே பாகம் அடித்துக்கொண்டிருப்பதால் 'ஒப்படைப்பு' நாள் என்ற ஒன்றே பதிவாவதில்லை. ஸ்பிரிங்பேக் திருத்தம் இரண்டாவது, மூன்றாவது சுற்று என்று நீளும்போது அந்தத் தவணையும் கூடவே நீள்கிறது. திருமுடிவாக்கத்திலும் அம்பத்தூரிலும் ஓசூரிலும் இருக்கிற பட்டறை இந்த இடைவெளியை வங்கி ஓ.டி.யில் ஓட்டுகிறது.

எனவே கீழ்க்கண்டவற்றைக் கேட்கிறோம்.

சாஃப்ட் டூல் நீக்கத்தைப் பாகவாரியாக முடிவு செய்யுங்கள். இழுவலு 590 மெகாபாஸ்கலும் அதற்கு மேலும் உள்ள தகடு, நீளமான ஹாட் அல்லது யூ வடிவப் பிரிவுகள், டிரிம் விளிம்பை நீட்டி ஃபிளேஞ்ச் செய்யும் பாகங்கள், பாதுகாப்புப் பாகங்கள், சீலிங் முகம் கொண்ட இழை கலந்த பிளாஸ்டிக், இந்த ஐந்து வகைக்கும் சாஃப்ட் டூலோ டிரா முகத்துக்கு மட்டுமான சோதனை டூலோ விலைகேட்பில் தனி வரியாக இருக்கட்டும். மற்றவற்றுக்கு வேண்டாம்.

விலை கேட்கும்போதே சிமுலேஷனின் உள்ளீட்டுக் கோப்பைக் கொடுங்கள்: 0, 45, 90 டிகிரி மூன்று திசையிலும் எடுத்த இழுவைத் தரவு, ஆர் மதிப்புகள் (இழுக்கும்போது மெலியாமல் தாங்கும் திறன்), எந்தக் கடினமாதல் மாதிரி, உராய்வு எண், பீடு விசையும் அதற்குரிய வடிவமும், பைண்டர் டன்னேஜ், எலிமென்ட் அளவு, தடிமன் திசையில் எத்தனை புள்ளி, ஸ்பிரிங்பேக் பார்த்த பிடிப்பு நிலை. ஒற்றை ஓட்டத்தை ஏற்காதீர்கள். தடிமன், யீல்டு, உராய்வு மூன்றையும் அவற்றின் எல்லைக்குள் மாற்றி ஓட்டிய சிதறல் முடிவு வேண்டும். ஃபிளேஞ்ச் விளிம்புகளுக்குத் துளை விரிவு எண் தனியாக வேண்டும். உரிமக் கட்டணம் எங்களுக்கு எட்டாதது என்பதால், தமிழக அரசின் டிட்கோவும் டசால்ட் மென்பொருள் நிறுவனமும் சேர்ந்து 2022இல் சென்னை டைடல் பூங்காவில் தொடங்கிய டான்கேம் போன்ற பொது மையத்தில் உங்கள் பொறியாளரும் எங்கள் டூல் வடிவமைப்பாளரும் ஒன்றாக உட்கார்ந்து ஓட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் டிரை-அவுட்டுக்கான தகடு உற்பத்திக்கு வரப்போகும் அதே மில்லிலிருந்து, காயில் எண்ணோடும் சோதனைச் சான்றிதழோடும் வரட்டும். 'சமமான கிரேடு' என்று கையில் கிடைத்ததை அனுப்பாதீர்கள். அதில் அடித்த டி1 (முதல் சோதனை) டிரயலால் யாருக்கும் பயனில்லை.

டிரை-அவுட்டில் ஒப்பீட்டுப் பதிவு ஒன்று கட்டாயமாகட்டும். பிளாங்க் விளிம்பு உள்ளே நகர்ந்த தூரம் சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகளில், அல்ட்ராசானிக் கருவியில் தடிமன், பிரஸ் டன்னேஜ், பாகத்தைப் பிடிக்காமல் ஒரு ஸ்கேன், ஃபிக்சரில் பிடித்து ஒரு ஸ்கேன். நீளப் பாகம் தன் எடையிலேயே தொய்யும் என்பதால் தாங்குபுள்ளிகள் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டவையாக இருக்க வேண்டும். உள்நகர்வு கணக்கோடு ஒத்துவராதவரை டையை யாரும் தொட வேண்டாம். முதலில் சிமுலேஷன் உள்ளீட்டைத் திருத்தி, திரும்ப ஓட்டி, அந்த முடிவின்படி வெட்டுவோம். இந்தப் பதிவு அடுத்த மாடலின் மெட்டீரியல் கார்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு மாடலிலும் பூஜ்யத்திலிருந்து தொடங்குவதற்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டாவது ஷரத்தை இப்படி மாற்றுங்கள்: டை முகம் ஒப்புக்கொண்ட கேட் (கணினி வரைபட) மாதிரியிலிருந்து சி.எம்.எம். (அளவீட்டு இயந்திர) அளவில் விலகியிருந்தால் திருத்தச் செலவு எங்களுடையது. டை சரியாக இருந்து, வந்த தகடோ கொடுத்த உள்ளீடோ விலகியிருந்தால் செலவு உங்களுடையது. உயர்வலுத் தகட்டுக்கு ஒரு ஸ்பிரிங்பேக் சுற்று டூல் விலையிலேயே தனி வரியாக இருக்கட்டும். கிக்-ஆஃபுக்குப் பின் வரும் ஈ.சி.என்.னுக்குத் தனி பி.ஓ. (கொள்முதல் ஆணை) இல்லாமல் மெஷின் ஓடாது.

டூலில் டி1 பாகம் அடித்து அளவு அறிக்கை கொடுக்கும் நாளையே ஒப்படைப்பு நாளாக பி.ஓ.வில் எழுதுங்கள். ஆட்சேபம் இருந்தால் 15 நாளில், எழுத்தில், பாக எண்ணும் அளவுப் புள்ளியும் குறிப்பிட்டுத் தாருங்கள்.

இப்போது விலைகேட்பில் இருக்கும் மாடல்களுக்கு டூல் கிக்-ஆஃப் நடப்பதற்கு முன், வடிவமைப்பு, கொள்முதல் இரண்டு பிரிவும் சேர்ந்து வரும் ஒரு கூட்டத்தைக் கூட்டுங்கள். தனித்தனியாக வந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவதோடு முடிந்துவிடுகிறது. நிறைவேற்றிய டூல்களின் ஸ்கேன் அறிக்கைகளையும் அவற்றின் சிமுலேஷன் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம். அந்தக் கூட்டம் நடக்கும்வரை இந்த இரண்டு ஷரத்தும் உள்ள உயர்வலுத் தகட்டு டூல்களுக்கு விலை கொடுப்பதை நிறுத்தி வைக்கிறோம்.

இப்படிக்கு,
சென்னை – ஓசூர் வட்டார டை, மோல்டு, பிரஸ்ஸிங் பட்டறைகளின் டூல் வடிவமைப்பாளர்களும் டூல் ரூம் பொறுப்பாளர்களும்